பதினோராவது தாள்

டிராயிங் அக்காவின் ஆட்சி, வாசல் காவல்காரரின் கூண்டுக்கு அடுத்து நிறுத்தியிருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் நடந்தது. கப்பலில் சரக்கு ஏற்றுகிற பெட்டி அது. அதில் கதவும் ஜன்னலும் வெட்டி, ஒரு ஏசியையும் மாட்டி, அலுவலகம் என்று பேர் வைத்திருந்தார்கள். ஏசி சத்தம் மட்டும்தான் போடும். வெயில் ஏறினால் உள்ளே ரொட்டி சுடலாம். மழை பெய்தால் போனில் பேசுகிறவர் திட்டுகிறாரா கொஞ்சுகிறாரா என்று தெரியாது. ஏழு வருஷமாக இதே பெட்டிதான், கட்டடம்தான் மாறும். ஒரு வேலை முடிந்ததும் கிரேன் வந்து பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்கும், லாரி அடுத்த வேலையிடத்தில் இறக்கும், அக்காவும் பின்னாலேயே போய் அதே நாற்காலியில் உட்காருவாள். இப்போது நடப்பது ஆறு மாடி ஆஸ்பத்திரி.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அவள் செய்வது சும்மா வரைபடத் தாள் கொடுக்கிற வேலை. ஒரு கட்டடத்தை முதலில் தாளில்தான் கட்டுகிறார்கள் என்பதும், தாளிலேயே நாலைந்து தடவை இடித்துக் கட்டுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஏசிக் குழாய்க்காரர் இந்தச் சுவரில் எனக்கு ஓட்டை வேண்டும் என்பார். கம்பிக் கணக்குப் போடுகிற இன்ஜினீயர் அங்கே கூடாது, தள்ளி வை என்பார். தள்ளி வைத்தால் வரைபடத்தின் மூலையில் திருத்தம் ஒன்று, திருத்தம் இரண்டு என்று எண் ஏறும். புதுத் திருத்தம் வந்த நிமிஷமே பழைய தாள் செல்லாது. அந்தச் செல்லாத தாள் யாருடைய சட்டைப் பையிலாவது தங்கிவிட்டால் அவர் அதைப் பார்த்துச் சுவரை எழுப்பிவிடுவார். கான்கிரீட்டை அழிக்க ரப்பர் கிடையாது.

அதனால் அக்காவிடம் ஒரே சட்டம்தான். பழசு வந்தால்தான் புதுசு. ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் எவ்வளவு பெரிய இன்ஜினீயராக இருந்தாலும் பழைய தாளை எண்ணிக் கொடுக்கவேண்டும். அவள் அதன்மேல் 'ரத்து' என்று சிவப்பு முத்திரையை ஓங்கிக் குத்துவாள். அப்புறம் அவர் புதுசை எண்ணி வாங்கிக்கொண்டு, தடிமனான நீல ரிஜிஸ்டரில் தேதி, நேரம், இடம், எந்தத் திருத்தம், எத்தனை தாள் என்று எழுதியிருக்கிற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போடவேண்டும். "பழசை லாரிலயே விட்டுட்டேன்க்கா, அப்புறம் தரேன்" என்று யாராவது பல்லைக் காட்டினால், "அப்ப புதுசையும் அப்புறம் தரேன்" என்பாள். எழுதியதில் தப்பு வந்தாலும் வெள்ளை மை பூச விடமாட்டாள். தப்பு படிக்கத் தெரிகிற மாதிரி அதன்மேல் ஒரே கோடு, அதற்கு மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வரவேண்டும். ஏழு வருஷத்தில் அவள் அப்படிக் கோடு போட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி எல்லா வரைபடங்களையும் கம்ப்யூட்டருக்குள் போட்டது. "இனிமே எல்லாத் தகவலும் ஒரே இடத்துல" என்று மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னார், கேக்கும் வெட்டினார்கள். இன்ஜினீயர்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கிடைத்தது. ஆனால் சிமெண்ட் பூசிய விரலை அந்தக் கண்ணாடி ஒரு விரலாகவே மதிக்கவில்லை. நாலு பக்கமும் கான்கிரீட் எழும்பிவிட்டால் சிக்னலும் நின்றுபோகும். ஆக, எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் இருந்தது, வேலை செய்கிறவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அக்காவின் தாள்தான் கதி.

அந்தத் தாளை வாங்குகிறவர்களில் ஒருவர் அக்காவின் வீட்டுக்காரர். அவர் சென்ட்ரிங் மேஸ்திரி, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையும் தகடும் வைத்து முட்டுக்கொடுத்து அச்சுக் கட்டுகிறவர்களுக்குத் தலைவர். சுவரில் ஓட்டை வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு மரப்பெட்டியை நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவார்கள். பெட்டியை எங்கே நிறுத்துவது என்பதை அவர் தாளைப் பார்த்துச் சொல்வார். முப்பது வருஷ வேலையில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. வேலையிடத்தில் அவளும் எல்லோரையும் போல அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவாள், வீட்டில்தான் 'என்னங்க'. அவரும் ஒருமுறை விளையாட்டாக ஜன்னலில் நின்று 'அக்கா' என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் அந்த விளையாட்டை அன்றோடு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏசிக் குழாய்க்காரர் ஜன்னலுக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிப் பலகைமேல் டொக்கென்று வைத்தார்.

"அக்கா, ரெண்டாவது மாடி ஆபரேஷன் தியேட்டர் சுவத்துல எனக்கு ஓட்டை இருக்கா இல்லையா?"

"இருக்கே. ரிவிஷன் மூணு. தூண்ல இருந்து தள்ளி."

"தள்ளி இல்லக்கா. தூணை ஒட்டி இருக்கு. நான் குழாயைத் தூக்கிட்டுப் போய் வெறுஞ்சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒன்றரை அடி வித்தியாசம்."

தூணை ஒட்டி ஓட்டை இருந்தது திருத்தம் இரண்டில். மூன்றில் அதைத் தள்ளி வைத்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமலே அக்காவுக்கு அது தெரியும். கான்கிரீட் ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தச் சுவருக்கு அச்சுக் கட்டியது மேஸ்திரியின் ஆட்கள்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். வயிற்றுப்புண்ணுக்கு எந்நேரமும் ஒரு வெள்ளை மாத்திரையைச் சப்பிக்கொண்டிருப்பவர். கெட்ட மனிதர் இல்லை, தூக்கம் போதாத மனிதர். "ரிஜிஸ்டரை எடுங்கம்மா" என்றார். அவள் எடுத்து, விரலை ஓட்டி, வரியைக் காட்டினாள். திருத்தம் மூன்று, பதினொரு தாள், மாலை நாலரை, அலுவலகம். எதிரில் ஏணி சாய்ந்த மாதிரி மேஸ்திரியின் கையெழுத்து.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. கொடுத்தாச்சு, வாங்கியாச்சு. ஆபீஸ் பக்கம் சுத்தம்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்கவேண்டும். மாத்திரையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார்.

மேஸ்திரியை வரச்சொன்னார்கள். அவர் தன் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் பஞ்சாகி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பாக இருந்தது. மூலையில் திருத்தம் இரண்டு என்றிருந்தது. அதன்மேல் 'ரத்து' முத்திரை இல்லாததை மேனேஜர் கவனிக்கவில்லை.

"சார், என்கிட்ட இருந்தது இதுதான். மூணு எனக்கு வரலை."

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான் சார். மீதி பத்தும் வந்துச்சு. இது மட்டும் வரலை."

"பதினொண்ணுன்னு போட்டிருக்கே. எண்ணிப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

மேஸ்திரி தன் மனைவியைப் பார்த்தார். அவள் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றுவதற்கு முன் சரிபார்த்த சைட் இன்ஜினீயரையும் கேட்டார்கள். டேப்லெட்டில் சார்ஜ் இல்லாததால் மேஸ்திரி கையிலிருந்த தாளையே வாங்கி அளந்து பார்த்ததாக அவர் சொன்னார். தாளும் சுவரும் ஒத்துப்போயின, அவரும் டிக் அடித்துவிட்டார். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. மேஸ்திரிக்கு அப்படிப் போகாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கணவனும் மனைவியும் மேனேஜரிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தாள்கள் அலுவலகத்தில் கைமாறவில்லை. அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொள்ள, மூன்று மணிக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள். திருத்தம் வந்து சேர்ந்ததே நாலு மணிக்குத்தான். "இன்னைக்கே இஷ்யூ ஆகணும்மா, ரிப்போர்ட்ல காட்டணும்" என்று மேனேஜர் போனில் கத்தினார். மேஸ்திரி அப்போது வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். அக்கா பதினொரு தாளையும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, சாப்பாட்டுப் பையில் செருகி, ரிஜிஸ்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நேரம் நாலரை, இடம் அலுவலகம் என்று பஸ்ஸிலேயே எழுதிவிட்டாள். வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றார். "இங்க" என்றாள். போட்டார். பழைய தாளை அவள் கேட்கவும் இல்லை, அவர் எண்ணவும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன எண்ணிக்கை? இரண்டு வருஷமாக மழை நாளெல்லாம் இப்படித்தான் நடந்தது. ஊருக்கெல்லாம் கறாராக இருந்தவள் வீட்டுக்குள் மட்டும் சட்டத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்திருந்தாள்.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. லிப்ட் கிடையாது. அறுபத்து நாலு படி, மேஸ்திரி ஒவ்வொன்றையும் அறிவார். அந்த வீட்டில் எதை நகர்த்தினாலும் அடியில் 'ரத்து' என்று இருக்கும். எடைக்குப் போகிற பழைய வரைபடங்களில் கொஞ்சத்தை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். தடித்த வெள்ளைத் தாள், ஒரு பக்கம் வெறுமை. அலமாரித் தட்டு, சட்டிக்கு அடி, மகளின் நோட்டு அட்டை என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அரிசி டப்பாவைத் தூக்கினால் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடிப்படி தெரியும்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி ஒரு வாளியில் வெந்நீர் வைத்துக்கொண்டு முழங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். உள்ளே நர்சிங் படிக்கிற மகள் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"எண்ணி வாங்கியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"நீ குடுத்தாகூடவா எண்ணணும்?"

"யார் குடுத்தா என்ன? வாங்கினா எண்ணணும்."

"இந்தா பாரு. அந்த ஷீட் எனக்கு வரலை."

"பதினொண்ணு அச்சடிச்சேன், பதினொண்ணையும் சுருட்டினேன். எனக்குத் தெரியாதா? பலகைக்கு அடியில எங்கயாவது போட்டிருப்பீங்க. போன வருஷம் மூக்குக்கண்ணாடியைக் காணோம்னு ஊரையே ரெண்டாக்கினீங்க. எங்க இருந்துச்சு? கலவை மிஷின்மேல."

"கண்ணாடி வேற, ஷீட் வேற."

"மறதி ஒண்ணுதானே."

"பத்துதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

அவர் வெந்நீர்க் குவளையை வாளிக்குள் போட்டார். "தெரியலை" என்றார். அந்த இடத்தில் அவர் தோற்றார். உள்ளேயிருந்து மகள், "அம்மா, வரலைன்னுதானே அப்பா சொல்றார்" என்றாள். "நீ உன் ரெக்கார்டை எழுது" என்று அக்கா எரிந்துவிழுந்தாள். வெங்காயம் கண்ணைக் கரித்தது, அதற்கும் சேர்த்து அவர்மேல் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் பையன்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மேனேஜரே ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் குப்புற வைத்துவிட்டுப் போனார். வேலையிடத்துக்கு வருகிற, போகிற எந்தக் காகிதமானாலும் அவள்தான் எண் கொடுத்துக் கோப்பில் சேர்க்கவேண்டும். திருப்பினாள். மேஸ்திரியின் வாக்குமூலம். யாரோ எழுதிக்கொடுக்க, கீழே ஏணிக் கையெழுத்து. 'திருத்தம் மூன்று பதினொரு தாள்களையும் பெற்றுக்கொண்டேன். கவனக்குறைவால் பழைய தாளைப் பார்த்து வேலை செய்துவிட்டேன்.'

அக்கா அதற்கு எண் கொடுத்தாள். இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று கோப்புக்கு, ஒன்று ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கு. அவர் ஒப்புக்கொண்டதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பார்த்தீர்களா, என் ரிஜிஸ்டர் தப்பாகாது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், சனிக்கிழமையோடு மேஸ்திரி நின்றுகொள்ளவேண்டும் என்று இன்னொரு தாள் வந்தது. அதற்கும் எண் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் காலேஜிலிருந்து வந்து ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். "அட்டை கிழிஞ்சிருக்காம். மாத்திட்டு வந்தாத்தான் மார்க்காம். மேடம் சொல்லிட்டாங்க."

அக்கா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய தாளை உருவிவிட்டு, கிழிந்த அட்டையைப் பிரித்தாள். மடிப்பை நிமிர்த்தித் தரையில் விரித்தாள். எந்தத் தாளைக் கண்டாலும் அவள் கண் முதலில் சிவப்பு முத்திரையைத்தான் தேடும். இதில் சிவப்பு இல்லை. மூலைக்குப் போனாள். திருத்தம் மூன்று. இரண்டாவது மாடி. ஆபரேஷன் தியேட்டர் சுவர். தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இந்த அட்டையை யாருடி போட்டது?"

"நீதானேம்மா. அன்னைக்கு மழையில வந்தியே. மறுநாள் ரெக்கார்டு வைக்கணும்னு சொன்னேன். கட்டில்மேல கெடந்ததுல மேல இருந்ததை எடுத்தே. தாள் நல்லா மொடமொடன்னு இருக்குன்னுகூடச் சொன்னே."

சொன்னாள்தான். இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. இடுப்புவலி, நனைந்த சேலை, கட்டில்மேல் பக்கத்துப் பக்கத்தில் ஒரு கட்டுப் பழசு, ஒரு கட்டுப் புதுசு. அரைக்கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடினாள். மொடமொடப்பாக இருந்தது, ஏனென்றால் அச்சடித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி படியேறி வந்து, மூச்சு வாங்க, தரையில் கிடந்ததைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அப்புறம் அவர் முகம் மலர்ந்ததை அக்கா எதிர்பார்க்கவில்லை.

"அப்ப எனக்கு மறதி இல்லை!" என்றார். "நான் சொன்னேன்ல, பத்துதான். ரெண்டு நாளா எனக்கு மூளைதான் கொழம்பிப் போச்சோன்னு பயந்து செத்தேன். நேத்து ஒரே முட்டுக்கட்டையை நாலு தடவை போய்த் தட்டிப் பாத்தேன்னா பாத்துக்கோ."

அக்கா அழுதாள். சத்தம் போட்டு அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஆனால் அன்று அழுதாள். "ஏன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? வாங்கலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சுதுதான். ஆனா உன் ரிஜிஸ்டர்ல இருக்குன்னாங்க." அவர் தரையில் உட்கார முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "ஏழு வருஷத்துல உன் ரிஜிஸ்டர் தப்பாப் போனதில்லையே. அப்ப நான்தான் தப்பா இருக்கணும்னு நெனச்சுட்டேன்."

அவர் தன் ஞாபகத்தைக் காட்டிலும் அவள் எழுத்தை நம்பியிருக்கிறார். அவளும் அவரைக் காட்டிலும் தன் எழுத்தைத்தான் நம்பினாள்.

மகள் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். மேஸ்திரி குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இதை வெளிய சொல்லாதே. நடந்தது நடந்துபோச்சு. என் முழங்கால் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. நீ அங்க இருந்தா பாப்பா படிப்பு முடியும். உன்னையும் அனுப்பிட்டா எங்க போய் நிப்போம்? கிழிச்சுப் போடு அதை."

"இதைக் கிழிக்கக் கூடாது."

"ஏன்?"

"இன்னும் ரத்தாகலை. இதுதான் இப்ப செல்லுபடியாகுற ஷீட்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிருக்கு" என்றார். அவளுக்கும் ஒரு நொடி உதடு கோணியது. ஆனால் தாளை நீவி, அகலமான கோப்புக்குள் வைத்து, கைப்பைக்குப் பக்கத்தில் சாத்தினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் முட்டுக்கொடுத்தவருக்கு எது நிற்கும், எது சாயும் என்று தெரியும்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். மடிப்புகள், பசை, மூலையில் மகளின் பேரும் ரெக்கார்டு என்ற எழுத்தும். கையிலிருந்த மாத்திரையை வாயில் போட மறந்துவிட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுல தெரியும்."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த விஷயம் முடிஞ்சுபோச்சு. கடிதம் போயாச்சு. நாளைக்குப் புது ரிவிஷன் வருது. ஓட்டை இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், குழாயை வளைச்சுக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க. ரிவிஷன் நாலு வந்துட்டா சுவர் சரியாயிடும். இப்பப் போய் இதை ஏன் கிளர்றீங்க?"

"சுவர் சரியாயிடும் சார். அவர் வாக்குமூலம்?"

"அவரே எழுதிக் குடுத்தது."

"என் ரிஜிஸ்டரை நம்பி எழுதிக் குடுத்தது. ரிஜிஸ்டர் பொய்."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. ஒரு வரி பொய்னு வெளிய தெரிஞ்சா ஏழு வருஷத்து வரியையும் கேள்வி கேப்பாங்க. உங்களை வச்சுக்க என்னால முடியாது. மத்த எல்லார்கிட்டயும் பழசை வாங்கியிருக்கீங்க. இவர்கிட்ட மட்டும் ஏன் வாங்கலைன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வீட்டுக்காரர்னு சொல்வேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே கான்கிரீட் லாரி பின்பக்கமாக வருகிற பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "உங்க இஷ்டம்மா" என்றார் கடைசியில். "நான் பாக்கலை. நீங்களா எழுதினா எழுதிக்கோங்க."

அக்கா தன் பெட்டிக்கு வந்தாள். ரிஜிஸ்டரைத் திறந்தாள். அளவுகோலை வைத்து, 'அலுவலகம்' என்பதன்மேல் ஒரு கோடு, 'நாலரை' என்பதன்மேல் ஒரு கோடு, 'பதினொன்று' என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். கீழே இருந்தது எல்லாம் படிக்கத் தெரிந்தது. மேலே சின்ன எழுத்தில் 'வீட்டில்', 'மாலை ஆறு', 'பத்து' என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில், 'பதினோராவது தாள் இவரிடம் கொடுக்கப்படவில்லை. அதை நானே நோட்டுக்கு அட்டையாகப் போட்டுவிட்டேன்' என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டாள். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, எண் கொடுத்து, மேஸ்திரியின் வாக்குமூலம் யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அது அவள் வேலை. ஒரு தப்பான காகிதம் வெளியே போயிருந்தால் சரியானது அதன் பின்னாலேயே போகவேண்டும்.

சாயங்காலத்துக்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. மேஸ்திரி இருக்கலாம். டிராயிங் அக்கா சனிக்கிழமையோடு சாவியை ஒப்படைக்கவேண்டும். நாள் மாறவில்லை, ஆள்தான் மாறியது.

வெள்ளிக்கிழமை திருத்தம் நான்கு வந்தது. ஒரு குழாய் வளைந்ததில் பக்கத்துக் குழாய்களெல்லாம் நகர, பதினொரு தாளும் மாறியிருந்தன. தூணை ஒட்டி, மேஸ்திரி விட்ட இடத்திலேயே ஓட்டை வரைந்திருந்தது, அது என்றைக்குமே அங்கேதான் இருந்த மாதிரி. சுவருக்காகத் தாளை மாற்றிக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு கையெழுத்துப் போதும். அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பிரிண்டரில் தாள் ரோலை மாற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலில் வரிசை நின்றது. அவள் போகிற விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் அதைப் பேசவில்லை. ஏசிக் குழாய்க்காரர் மட்டும் பழைய தாள்களை ஓரம் சமமாகத் தட்டி அடுக்கி, இரண்டு கையாலும் கொடுத்தார். வழக்கமாகத் தூக்கிப் போடுகிறவர் அவர். அவருக்குப் பின்னால் மேஸ்திரி நின்றார்.

"பழசு?" என்றாள் அக்கா.

அவர் எண்ணிப் பலகைமேல் வைத்தார். "பத்து."

"பதினொண்ணு வரணும் மேஸ்திரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா மேஜைக்கடியிலிருந்து கோப்பை எடுத்து, அந்தத் தாளை உருவி, பலகைக்கு அந்தப் பக்கம் அவரை நோக்கித் தள்ளினாள். நோட்டின் முதுகு மடிந்த கோடு நடுவில் ஓடியது. மகளின் பேர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் கைக்கு வந்திருக்கவேண்டிய தாளை மேஸ்திரி இப்போது கையில் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூணிலிருந்து ஓட்டை வரைக்கும் விரலால் அளந்து பார்த்தார்.

"இங்கதான் வரணுமா இது?"

"ம்."

"வச்சிருப்பேனே" என்றார். "ஈஸியா வச்சிருப்பேன்."

"வச்சிருப்பீங்க."

அவர் அதை மற்றப் பத்தின்மேல் வைத்து, இவள் பக்கம் நகர்த்தினார். "பதினொண்ணு." அவள் முத்திரையை மையில் ஒற்றி, ஒவ்வொன்றாகக் குத்தினாள். கடைசித் தாளில் கை ஓங்கவில்லை, மெதுவாகத்தான் வைத்து எடுத்தாள். 'ரத்து' பாதிதான் விழுந்தது. மறுபடியும் வைத்து அழுத்தினாள்.

அப்புறம் திருத்தம் நான்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"எண்ணுங்க."

"உன்கிட்டயா?"

"என்கிட்டதான். சத்தமா எண்ணுங்க."

வரிசையில் யாரோ, "மேஸ்திரி, வீட்டம்மாவையே நம்பலையா?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். மேஸ்திரி கட்டை விரலை நாக்கில் தொட்டு, ஒன்று, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தார். சிமெண்டில் தேய்ந்த விரலுக்குத் தாள் சட்டென்று பிரியவில்லை. ஏழில் இரண்டு ஒட்டிக்கொண்டது, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். அவள் காத்திருந்தாள். வரிசையும் காத்திருந்தது.

"பதினொண்ணு" என்றார்.

அவள் ரிஜிஸ்டரில் மூன்று இருபது என்று நேரத்தை எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் அலுவலகம் என்று எழுதினாள். பேனாவை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்து, எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டினாள். அவர் போட்டார். மை காய்கிறவரை ஊதிவிட்டு, "சாயங்காலம் வாசல்ல நிக்கிறேன், சேர்ந்தே போலாம்" என்றார் தணிந்த குரலில்.

"என்னங்க, கண்டிப்பா நில்லுங்க" என்றாள் அக்கா. அந்த ஜன்னலில் அவள் அவரை 'என்னங்க' என்று கூப்பிட்டதைக் கேட்டு ஏசிக் குழாய்க்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவள் ரிஜிஸ்டரை இழுத்து அடுத்த வரிக்கு அளவுகோலை வைத்தாள்.

"அடுத்தது யாரு? பழசு எங்க?"